எவர்சில்வர் தொட்டியும் எல்லாம் தெரிந்தவரும்

விவரம் தெரிந்தவரிடம் யோசனை கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் அவருக்கே பாடம் எடுக்கத் தொடங்கும் ஓர் இனம் உண்டு. அதில் ஒருவரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். தினமும் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் சந்திக்கிறேன். ஆனாலும் 'அவர்' என்றே சொல்கிறேன். கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சட்டும்.

மொட்டைமாடியில் எவர்சில்வர் தண்ணீர்த் தொட்டி வைத்த அன்று பிளம்பர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். தொட்டி எவர்சில்வர், குழாய் இரும்பு. இரண்டும் தொட்டுக்கொண்டு தண்ணீரிலும் நனைந்தால் இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும், நடுவில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு போட்டுவிடலாம் என்றார். நம்மவர் சிரித்தார். எப்படிப்பட்ட சிரிப்பு? காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்த்தே தலை நரைத்தவர், குழாய் பார்த்தே தலை நரைத்தவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. துருப்பிடிக்காத உலோகம் பக்கத்தில் இருப்பது இரும்புக்கும் பாதுகாப்புதானே என்று மடக்கி, எலக்ட்ரான், அயனி என்று வகுப்பில் தூக்கக் கலக்கத்தில் காதில் விழுந்ததையெல்லாம் வரிசை தப்பி இறக்கி, பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று தீர்ப்பும் சொல்லி முடித்தார். பிளம்பர் இரும்பை நேராகவே முடுக்கிவிட்டுப் போனார்.

பதினோராம் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், தொட்டியோடு சேருமிடத்தில் குழாய் விட்டுப்போனது. தண்ணீர் படியிறங்கி, கூடத்துத் தரையில் அவர் மனைவி பரப்பி வைத்திருந்த விடைத்தாள்கள்மேல் பாய்ந்தது. அவள் பள்ளி ஆசிரியை. அறுபத்துமூன்று பிள்ளைகளின் தாள்கள்.

மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தவர் சொன்ன முதல் வார்த்தை: "தொட்டிக்கு ஒண்ணும் ஆகல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ளைங்க எழுதினது அழிஞ்சுபோச்சு. அவங்ககிட்ட நான் என்ன சொல்ல?"

அவர் சாயங்காலம்வரை கொடியில் தாள்களைக் கிளிப் போட்டு மாட்டினார். கரைந்த எழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினார். ஏழு தாள்களை மட்டும் மீட்கவே முடியவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய், மறுபடி பரீட்சை எழுத வேண்டிய அந்த ஏழு பேர் முன்னால் நின்று, குழாய் அரித்துப்போன கதையைச் சொல்லி, தப்பு தன்னுடையதுதான் என்றார். முதல் வரிசைப் பெண் ஒருத்தி, பிளம்பர் முன்கூட்டியே எச்சரிக்கவில்லையா என்று கேட்டாள். எச்சரித்தார் என்றார்.

"அப்புறம் ஏன் சார் கேக்கல?"



திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? மறுநாள் பிளம்பர் வந்து, ஓட்டை விழுந்த இரும்பைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் இணைப்பைப் பொருத்தும்போது, இரண்டு உலோகத்துக்கு நடுவே பிளாஸ்டிக் ஏன் அவசியம் என்று நம்மவர் பக்கத்தில் நின்று முக்கால் மணி நேரம் அவருக்கே விளக்கினார். "சரிங்க சார்" என்றார் பிளம்பர்.

படிக்கும்போது, அந்த இடத்தில் பிளாஸ்டிக்கைவிட நல்லதாக வேறொன்று போட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், உடனே ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு உங்கள் வீட்டுக் குழாயையும் காட்டிவிடுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை நாக்கைக் கடித்துக்கொண்டிருங்கள்.