குமரனுக்கு நான் கொடுத்த கேரண்டி

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, கட்டியது மூன்று மாடி. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் இதுவரை யாரிடமும் என்னை அறிமுகம் செய்துகொண்டதில்லை. மில்லில் மூட்டை தூக்கியவன் உப்பளம் ஏரியாவில் பன்னிரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டால் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும். (எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.)

அறைகள் கல்யாணமாகாத பையன்களுக்கு மட்டும். ஊரில் எல்லோரும் 'பேச்சலர்ஸ்' என்று போர்டு வைப்பார்கள். நான் எல்லோரையும் போலவா? என் சித்தப்பாவின் பழைய பிரெஞ்சுக் காகிதத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'செலிபத்தேர்' என்று இருக்கும். கல்யாணமாகாதவர் என்று அர்த்தம், அவ்வளவுதான். சித்தப்பா கல்யாணம் மட்டும்தான் செய்துகொள்ளவில்லை. மற்றபடி அரியாங்குப்பம் வரைக்கும் அவருக்குப் பழக்கம் உண்டு. அந்த வார்த்தைக்கு இங்கிலீஷில் என்ன என்று விசாரித்து, 'செலிபேட் ஹவுஸ்' என்று ஆள் உயரத்துக்கு எழுதி மாட்டிவிட்டேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது மாடியில் குமரன் இருந்தான். மருந்துக் கம்பெனியில் வேலை, தங்கமான பையன். ரெட்டியார்பாளையத்தில் ஒரு பெண் அமைந்தாள். பாக்கி இருந்தது விசாரணை மட்டும். வெளியூர் மாப்பிள்ளையின் குணத்தை அவனைப் பெற்றவர்களிடம் கேட்க மாட்டார்கள், வீட்டுக்காரரிடம்தான் கேட்பார்கள்.

"ஓனர், நாளைக்கு வராங்க. நல்ல பையன்னு ரெண்டே வார்த்தை சொல்லுங்க. இந்தப் பொண்ணு இல்லன்னா எனக்கு வேற கல்யாணமே வேணாம்" என்று கெஞ்சினான்.

பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். போர்டுக்குக் கீழே இரண்டு பேரும் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

"ஐயா, தம்பி ஏதாச்சும் விரதத்துல இருக்காரா?" என்றார் வாத்தியார்.

"சனிக்கிழமை கறி சாப்பிட மாட்டான்."

"அந்த விரதம் இல்லிங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு அவரே விளக்கினார். அந்தக் காலத்து இங்கிலீஷிலும் செலிபேட் என்றால் கல்யாணமாகாதவன்தானாம். இப்போது பெண் சகவாசமே வேண்டாம் என்று இருப்பவனுக்குத்தான் அந்தப் பெயராம். எனக்கு அது உடனே புரிந்தது. வார்த்தை அதே கட்டடம்தான், பழைய குடித்தனம் காலி செய்துகொண்டு போய்விட்டது. ஓனருக்குத்தான் தகவல் வரவில்லை.

அத்தை சுற்றி வளைக்கவில்லை. "சாமியாருக்குப் பொங்கிப் போடவா நாங்க பொண்ணு வளத்தோம்?"

தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மூன்று மாடி கட்டியவன் தப்பை ஒப்புக்கொள்வானா?

"கவலையே படாதீங்கம்மா. நம்ம குமரன் அந்த மாதிரி சுத்தமான ஆளே கிடையாது. நான் கேரண்டி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெனம் பாத்துக்கினுதானே இருக்கேன்."

மாடிப்படியில் நின்ற குமரன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப பொம்பளைங்க வந்து போறாங்களா?" என்றாள் அத்தை.

"சேச்சே. பொண்ணுங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

"அப்ப சாமியார்தானா?"

"இல்லம்மா, பாக்கத்தான் செய்வான், ஆனா…"

டீ வருவதற்குள் அவனை இரண்டு தடவை சந்நியாசி ஆக்கி, இரண்டு தடவை மைனர் ஆக்கிவிட்டேன். வாத்தியார் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

டீயோடு வந்த என் மனைவி தட்டை வைத்தாள். "இன்னாங்க, நீங்க செத்த சும்மா இருங்க." அத்தையிடம் திரும்பினாள். "அக்கா, இந்தப் புள்ள தெனம் சாயங்காலம் மொட்டை மாடியில போன் பேசுது. ஒரு வருஷமா ஒரே பொண்ணுகிட்டதான். பேரு தேன்மொழி."

வாத்தியார் விறைத்துப்போனார். தேன்மொழி அவர் மகள். தரகர் ஜாதகம் கொண்டுவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அத்தைதான் முதலில் சிரித்தாள். "சாமியாருமில்ல, மைனருமில்ல. நம்ம வீட்டுக் கள்ளிதான். டீயக் குடிண்ணா, ஆறுது."

கல்யாணம் நடந்தது. போர்டை நான் மாற்றவில்லை, ஒரு தடவை வீடு மாறிய அர்த்தம் திரும்பி வராதா என்ன? ஆனால் குமரன் வீட்டில் யாராவது அளந்துவிட்டால் "ஓனர் கேரண்டியா?" என்று இன்றும் கேட்கிறார்கள், அவன் மகள் உட்பட.

அதற்குப் பிறகு எந்தப் பையனைப் பற்றி விசாரிக்க யார் வந்தாலும் என் மனைவி என்னைப் பால் வாங்க அனுப்பிவிடுவாள். போன வாரமும் ஒரு குடும்பம் வந்தது. வீட்டில் ஆறு பாக்கெட் இருந்தது. ஏழாவது வாங்கப் போனேன்.