ஏ.எச்.யூ. அறையின் ஒரே சாவி

சாவிக்காரர் என்றொரு மனித இனம் உண்டு. லாக்கர் நிறைய நகை வைத்திருப்பவரைச் சொல்லவில்லை. பொதுவான ஓர் அறையின் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து, அந்த அறையே தன் பாட்டன் சொத்து என்று நம்பத் தொடங்கிவிடுகிறாரே, அவரைச் சொல்கிறேன். ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். நடந்தால் இடுப்பில் சத்தம் கேட்கும். நின்றால் அவரே குலுக்கிக்கொள்வார்.

கோச்சடையில் ஒரு மூன்று மாடி வணிகக் கட்டடத்தைப் பராமரிக்கும் மேலாளர் முத்துக்கருப்பன், இந்த இனத்தில் முதல் வரிசைக்காரர். அவரிடம் இருப்பது மொட்டை மாடியிலுள்ள ஏ.எச்.யூ. அறையின் சாவி. அது என்ன அறை என்கிறீர்களா? குளிர்ந்த காற்றைக் குழாய் வழியே மாடி மாடியாகத் தள்ளி, நாம் மூச்சுவிட்டு அலுத்த காற்றைத் திரும்ப இழுத்து, தூசியை வடிகட்டி, மறுபடி குளிரவைத்து அனுப்புகிற பெரிய தகரப் பெட்டி இருக்கும் அறை. முத்துக்கருப்பன் இவ்வளவு சுருக்கமாக விடமாட்டார்.

"இதான் கட்டடத்தோட நுரையீரல். இந்த ரூமுல என்ன இருக்கோ, அதைத்தான் அம்புட்டுப் பேரும் மூச்சா இழுக்கணும்" என்று ஆரம்பித்து, ஒரு துடைப்பம்கூட உள்ளே போகக் கூடாது என்று முடிப்பார். துப்புரவு வேலை பார்க்கும் மலையம்மாள் ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கை உள்ளே வைத்துவிட, அன்று கட்டடமே அவர் பிரசங்கத்தைக் கேட்டது. இன்னொரு சாவி செய்துவைக்கலாமே என்று உரிமையாளர் சொன்னபோது, பெற்ற பிள்ளையில் பங்கு கேட்டதுபோல் மனிதருக்கு முகம் வாடிவிட்டது.

ஆனால் வாசலில் போட்ட சட்டம் தனக்கும் உண்டென்று எந்தச் சாவிக்காரர் நினைத்திருக்கிறார்? அவருடைய குடை, ஹெல்மெட், சித்திரை வெயிலில் வாடாமலிருக்க மனைவிக்கு வாங்கிய மல்லிகைச் சரம், எல்லாம் உள்ளேதான். மல்லிகை வைத்த அன்று மூன்று மாடியும் மணந்தது. புது ஏற்பாடா என்று எல்லோரும் விசாரிக்க, தானே கண்டுபிடித்ததுபோல் தலையாட்டிக்கொண்டார்.

மூன்றாவது மாடி வெகுநாளாகக் காலி. அது நிரம்பாவிட்டால் பராமரிப்பை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிடுவதாக உரிமையாளர் சொல்லியிருந்தார். வேலை போனால் சாவியும் போய்விடும். சரண்யாதேவி என்ற பல் மருத்துவர் இடம் பார்க்க வருவதாக இருந்த அன்று காலை, தொண்டியிலிருந்து வந்த மச்சான் ஒரு பொட்டலம் கொடுத்தார். ஸ்கூட்டரில் வைத்தால் வெயிலுக்கு நாறுமே என்று முத்துக்கருப்பன் அதை ஏ.எச்.யூ. அறையில் வைத்துப் பூட்டினார். உள்ளே இருந்தது நெத்திலிக் கருவாடு.

மருத்துவர் வந்து சேர்ந்தபோது கட்டடம் தொண்டிக் கடற்கரையாக மாறியிருந்தது.

சாவி கைவிட்டுப் போகிறதே என்ற பயத்தில், முத்துக்கருப்பன் மருத்துவரையும் கூட்டிக்கொண்டு மாடி மாடியாக விசாரணை நடத்தினார். மேசை இழுப்பறைகளைத் திறந்தார், டிபன் பைகளை முகர்ந்தார், நுரையீரல் பிரசங்கத்தை மாடிக்கு ஒருமுறை செய்தார். மலையம்மாளின் தூக்கில் தக்காளிச் சோறுதான் இருந்தது. தன் பொட்டலம் அவருக்கு நினைவுக்கு வரவில்லையா? வராது. அடுத்தவர் வைத்தால்தான் அது பொருள். சாவிக்காரர் வைத்தது அறையின் ஒரு பாகம்.

"அண்ணே, நீங்க சொல்றபடி பார்த்தா அந்த ரூமைத்தான முதல்ல பார்க்கணும்?" என்றார் மருத்துவர்.

சாவியைக் குலுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. திறந்தார். குடை, ஹெல்மெட், பொட்டலம். ஹெல்மெட்டைத் தவிர மற்ற எதையும் பார்க்கும் துணிவு அவருக்கு இல்லை.

மருத்துவர் சிரித்துவிட்டார். "ஒரு மூலை பாக்கியில்லாம வாசம் வந்திருக்குண்ணே. காத்து இம்புட்டு நல்லா சுத்துற கட்டடத்தை நான் பார்த்ததில்ல. மாடியை எடுத்துக்கிறேன்."

போன உயிர் திரும்பியது.

"ஆனா இந்த ரூமுக்கு எனக்கும் ஒரு சாவி வேணும்."

திரும்பிய உயிர் மறுபடி போயிற்று. என்ன செய்வது, உரிமையாளர் அன்றே இரண்டாவது சாவி செய்துகொடுத்துவிட்டார். இப்போது மருத்துவர் நடந்தாலும் சத்தம் கேட்கிறதாம். அவருடைய குடையும் உள்ளே போய்விட்டதாக மலையம்மாள் சொல்கிறார்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். அதற்கு முன், வீட்டில் எல்லோரும் தேடிக்கொண்டிருக்கும் டி.வி. ரிமோட்டை உங்கள் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.