பூச்சியத்துக்கு ரியூசன்

ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வேண்டும். இதிலே யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆங்கிலவழிக் கல்வி ஊக்குவிப்புச் செயலகத்துக்கும் இருக்கவில்லை. யாழ்ப்பாணப் பட்டணத்தில் புதிதாக ஒரு ஆங்கிலவழிக் கல்லூரி திறந்து, ஆறாம் ஆண்டுக்கு நாற்பது பிள்ளைகளை எடுக்க நுழைவுப் பரீட்சை நடத்தி வந்த அந்தச் செயலகம், மூன்று வருடம் கழித்து ஒருநாள் தன்னுடைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்துத் திடுக்கிட்டது. பரீட்சையில் சித்தியடைந்து உள்ளே வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஏற்கெனவே ஆங்கிலம் தெரிந்திருந்தது. தெரிந்தவர்களுக்கே திரும்பவும் படிப்பிப்பதால் அரச வளங்கள் விரயமாகின்றன என்று ஒரு குழு கண்டுபிடித்தது. அந்தக் கண்டுபிடிப்பை ஆராய இன்னொரு குழு அமைக்கப்பட்டது. இரண்டு குழுக்களும் ஒன்றாகக் கூடித் தேநீர் அருந்திய பிறகு சுற்றுநிருபம் வெளிவந்தது.

"மேற்படி கல்லூரிக்கான நுழைவுப் பரீட்சையில் இனிமேல் ஆகக் குறைந்த புள்ளிகளைப் பெறும் நாற்பது விண்ணப்பதாரிகளே தகைமையுடையோராகக் கொள்ளப்படுவர். ஆங்கிலம் அறியாமை அடிப்படைத் தகைமையாகும். அறியாமையில் சமநிலை ஏற்படுமிடத்து வயது குறைந்தவருக்கு முன்னுரிமை வழங்கப்படும்."

உரும்பிராயில் கூட்டுறவுக் கடையில் வேலை செய்யும் சுபாஜினி இதைப் பேப்பரில் மூன்று தரம் வாசித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குடும்பத்துக்கு ஏதோ ஒரு தகைமை இருப்பதாக அவளுக்குப் பட்டது. மகள் வித்தியாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அரைகுறையாகத் தெரியாமல் இல்லை, ஐயந்திரிபறத் தெரியாது. கணவன் மயூரதனுக்கும் தெரியாது. பரம்பரையிலேயே இல்லை.

அவளுக்கு இது விளையாட்டுக் காரியம் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்னர் ஆஸ்பத்திரியில் அவளுடைய அப்பாவின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று இரண்டு டொக்டர்மார் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். கால்மாட்டில் நின்ற சுபாஜினி, அழுவதா ஆறுவதா என்று தெரியாமல் அவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் பிள்ளை ஒருநாளும் இப்படி நிற்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தாள். வித்தியா வாய் திறந்து ஆங்கிலம் கதைப்பதை ஒருதரம் காதால் கேட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த வீட்டு உதயகலாவின் வீடு செத்தவீடு மாதிரி இருந்தது. அவள் தன் மகன் பிரவீணனை நாலு வயதிலிருந்து ஆங்கில ரியூசனுக்கு ஏற்றி இறக்கியவள்.

"இவன் நித்திரையிலையும் இங்கிலீசிலைதான் புலம்புறான் சுபா. இனி நான் என்ன செய்ய?"

"யோசியாதேங்கோ அக்கா. கொஞ்சம் கொஞ்சமா மறந்திடுவான்."

ஆறுதல் சொல்லிவிட்டு வந்த சுபாஜினிக்கு மனதுக்குள் ஒரு புழுகம், அடக்க முடியாத சந்தோசம். அதைப் பாவம் என்று நினைத்து நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டாள். புழுகம் போகவில்லை.

சந்தியில் கனகசபாபதி சேரின் ரியூசன் கொட்டில் இருக்கிறது. இருபத்தைந்து வருடமாக 'ஆங்கிலத்தில் 100' என்று தொங்கிய பலகையில் சேர் அந்த ஒன்றை மட்டும் சுரண்டிவிட்டார். மற்ற இரண்டு பூச்சியங்களும் ஏற்கெனவே அங்கே இருந்தபடியால் பெயின்ற் தேவைப்படவில்லை. அடுத்த நாளே கொட்டில் நிரம்பி, பிள்ளைகள் வெளியில் சைக்கிள் நிறுத்துகிற இடத்திலும் இருந்து படித்தார்கள். பிரவீணன் முன்வாங்கில் இருந்தான்.

சுபாஜினிக்கு விளங்கவில்லை. நேரே போய்க் கேட்டாள்.

"சேர், தெரியாமல் இருக்கிறதுக்கு என்னத்துக்கு ரியூசன்?"

"பிள்ளை, ஐம்பது கேள்வி. ஒவ்வொண்டுக்கும் நாலு விடை. ஒண்டுந் தெரியாத பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒண்டிலை கோடு கீறினால் என்ன நடக்கும்?"

"எல்லாம் பிழையாப் போகும்."

"அதுதான் இல்லை. நாலிலை ஒண்டு தற்செயலாச் சரிவரும். பன்னிரண்டு பதின்மூண்டு புள்ளி விழும். பூச்சியம் எடுக்கிறது லேசுப்பட்ட வேலையில்லை. ஐம்பதுக்கும் சரியான விடை எது எண்டு தெரிஞ்ச பிள்ளையாலைதான் அதிலை முட்டாமல் போகேலும்."

"அப்ப ஒண்டுங் கீறாமல் விட்டால்?"

"சுற்றுநிருபத்திலை ஏழாம் பந்தியை நீர் வாசிக்கேல்லை. வெறுமையா விட்ட விடைத்தாள் செல்லுபடியாகாது. அறியாமையை முயற்சி செய்து காட்ட வேணும்."

மனிசன் யாபாரத்துக்குக் கதைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சுபாஜினி வீட்டுக்கு வந்துவிட்டாள். உண்மையாகவே தெரியாத பிள்ளையைவிட, தெரியாத மாதிரி நடிக்கிற பிள்ளைக்குப் புள்ளி குறையுமா? உலகத்தில் அப்படியும் ஒரு அநியாயம் நடக்குமா? இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்காகப் பரீட்சைக்கு முதல்நாள் பிள்ளையார் கோயிலுக்குப் போய், அனுமதி அட்டையையும் பேனையையும் அர்ச்சனைத் தட்டில் வைத்து, வித்தியா பூச்சியம் எடுக்க வேணும் என்று ஐயரிடம் சொன்னாள்.

ஐயர் தட்டை வாங்காமல் நின்றார். "பிள்ளையார் இவ்வளவு நாளும் கூட்டித்தான் குடுத்தவர் பிள்ளை. குறைக்கிறதுக்கு நான் புத்தகம் பாக்க வேணும்" என்றார். கடைசியில், கேட்டது கிடைக்க என்று பொதுவாகச் சொல்லி அர்ச்சனையை முடித்தார்.

முடிவுகள் வந்தன. பிரவீணன் பூச்சியம். மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள் பூச்சியம் எடுத்திருந்தார்கள். ஒரு பிள்ளை இரண்டு மாதம் வயது கூடியதால் அழுதுகொண்டு காத்திருப்போர் பட்டியலுக்குப் போனது. வித்தியாவுக்குப் பதின்மூன்று.

சந்தியில் பதாகை எழுந்தது. கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட பிரவீணனின் படத்துக்குக் கீழே, 'ஆங்கிலத்தில் பூச்சியம் பெற்று எம் மண்ணுக்குப் பெருமை சேர்த்த செல்வனை வாழ்த்துகிறோம் — கனடா வாழ் மாமாமார்' என்று எழுதியிருந்தது. வித்தியாவைப் பற்றி ஊர் வேறுமாதிரிக் கதைத்தது. ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துகொண்டு சுபாஜினி பிள்ளைக்குக் களவாக ஆங்கிலம் படிப்பித்திருக்கிறாள் என்று கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்களே அவளுடைய காதில் விழும்படி சொன்னார்கள்.

அவள் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு செயலகத்துக்குப் போனாள். உதவிச் செயலாளர் தியாகலிங்கம் கதிரையில் துவாய் விரித்து அமர்ந்திருந்தார். மரியாதையான மனிதர். இருங்கோ என்று சொன்ன பிறகுதான் கதிரை இல்லாததைக் கவனித்தார்.

"ஐயா, என்ரை பிள்ளைக்கு ஒரு சொல்லுத் தெரியாது."

"அம்மா, பதின்மூண்டு விடை சரி. இது எங்கடை கணிப்பில்லை, கணினியின்ரை கணிப்பு."

"அது தற்செயலா விழுந்தது ஐயா. குருட்டுவாக்கிலை கீறினவள்."

தியாகலிங்கம் படிவத்தைத் திருப்பி அவளுக்குக் காட்டினார். "இஞ்சை பாருங்கோ. அறிவுக்கு ஒரு நிரல் கிடக்கு. அறியாமைக்கு ஒரு நிரல் கிடக்கு. குருட்டுவாக்குக்கு நிரல் இல்லை. அதை நான் எங்கை பதியிறது?"

"நீங்களே இப்ப ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோவன், தெரியுமோ எண்டு."

அவர் வித்தியாவைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். வித்தியா திருதிருவென்று முழித்தாள்.

"பாத்தியளே ஐயா?"

"பாத்தன். மற்றப் பிள்ளையள் இதைவிடத் திறமா முழிச்சவை" என்றார் தியாகலிங்கம். பிறகு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தினார். "அம்மா, உங்கடை பிள்ளைக்குத் தெரியாமை காணாது, இன்னும் வேணும். பஸ்ஸிலை இங்கிலீசு கதைச்சுப் பிடிபட்டு ரண்டு பேரின்ரை இடம் பறிபோச்சுது. ரண்டாம் தவணைக்கு மீள்பரீட்சை வைப்பம். ஆரிட்டையும் விட்டு நல்லா இங்கிலீசு படிப்பியுங்கோ. அப்பத்தான் தெரியாமல் வரும்."

சுபாஜினி வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு அடுத்த நாள் கனகசபாபதி சேரிடம் போனாள். சேர் ஒரு குத்தல் கதையும் சொல்லவில்லை. அவரிடம் இப்படி வந்தவர்கள் நிறையப் பேர்.

ஐந்து மாதம் வித்தியா படித்தாள். முதலில் அழுது அழுது படித்தவளுக்குப் பிறகு அது பிடித்துப் போய்விட்டது. சவர்க்காரக் கடதாசி, இருமல் மருந்துப் போத்தல், தகப்பனின் பூச்சிகொல்லி டப்பா என்று எழுத்துக் கண்ட இடமெல்லாம் வாசித்தாள். மீள்பரீட்சையில் ஐம்பது கேள்விகளுக்கும் சரியான விடையைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்து விடையில் அடக்கமாகக் கோடு கீறிவிட்டு, மணி அடிக்க முதலே எழும்பி வந்தாள். பூச்சியம்.

அனுமதி வழங்குகிற அன்று தியாகலிங்கம் கதிரை எடுத்துப் போடுவித்தார். சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. கீழே ஒரு மூலையில் தொடங்கிய கோடு நேராக மேலே போனது.

"இது கல்லூரியின்ரை ஆங்கில வளர்ச்சித் திட்டம். ஆறாம் ஆண்டு முடிய இருபது புள்ளி. ஏழிலை நாப்பது. எட்டிலை அறுபது. ஒரு புள்ளி கூடவுங் கூடாது, குறையவுங் கூடாது. மேலிடத்துக்கு அச்சடிச்சு அனுப்பியாச்சு."

சுபாஜினி விரலால் கணக்குப் பார்த்தாள். "அப்ப பத்தாம் ஆண்டிலை நூறு. பதினொண்டிலை?"

"நூற்றி இருபது" என்றார் அவர். "வளர்ச்சியை இடையிலை நிப்பாட்டேலாதுதானே."

பிறகு உறுதிமொழிப் பத்திரத்தை நீட்டினார். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் மாணவிக்கு ஆங்கிலம் தெரியும் என்று யாராவது அறிவித்தால், இடம் இரத்தாகிக் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

"இந்தத் தவணைக்கு எவ்வளவு தெரியலாம் ஐயா?"

"எழுத்துகள் தெரியலாம். காலை வணக்கம் சொல்லலாம். முழு வசனம் எட்டாம் ஆண்டிலைதான்."

அவள் கையெழுத்து வைத்தாள். வித்தியா கல்லூரிக்குப் போனாள். வகுப்பில் ஆசிரியை ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால், வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் பழகிக்கொண்டு வந்த முகத்தை நாற்பது பிள்ளைகளும் ஒன்றாக எடுத்து வைப்பார்கள். ஆகையால் பாடம் தமிழில் நடந்தது. அவ்வளவு நல்ல தமிழ் குடாநாட்டில் வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை என்று பெயர் வந்தது. கனகசபாபதி சேர் 'இருபது மட்டும்' என்று புதிய வகுப்பொன்று தொடங்கினார். அதற்கும் இடமில்லை.

ஊரில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக நின்றது உதயகலாவின் தங்கையின் மகள். இரண்டாவது, சுபாஜினியின் அண்ணையின் மகன். முன்பெல்லாம் வேலிக்கு மேலால் கறி பரிமாறிக்கொண்ட இரண்டு வீட்டுக்காரரும் இப்போது வேலியோரம் காரணமில்லாமல் கனநேரம் குப்பை கூட்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் சுபாஜினி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். யன்னலடியில் நின்ற வித்தியா திடீரென்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னாள். முழு வசனம். எங்கேயும் இடறாமல், மூச்சு வாங்காமல், டொக்டர்மார் கதைக்கிற வேகத்தில்.

சுபாஜினிக்கு அதன் பொருள் தெரியாது. ஆனால் அது அசல் ஆங்கிலம் என்பது தெரிந்தது. இத்தனை நாளும் எதைக் கேட்கக் காத்திருந்தாளோ அது தன் குசினிக்குள்ளேயே கேட்டுவிட்டது. சந்தோசத்தில் அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. அடுத்த கணம் தேங்காய்ப்பூக் கையால் பிள்ளையின் வாயைப் பொத்தி, மற்றக் கையால் யன்னலைச் சாத்தினாள்.

"ஆருக்கும் கேட்டால் என்ன நடக்கும்? எட்டாம் ஆண்டு வரைக்கும் பொறுக்கேலாதே உனக்கு?"

கொளுக்கி சரியாக விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் கையை எடுத்தாள்.

"என்ன சொன்னனீ?"

"மாடு படலையைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கடை கோவாவைத் தின்னுது எண்டு சொன்னன்."

மயூரதன் அந்த முறை வீட்டு வளவுக்குள் நான்கு வரிசை கோவா வைத்திருந்தான். இலை சுருண்டு முட்டை முட்டையாகத் திரண்டு, அடுத்த கிழமை வெட்டுக்கு நின்றது. சுபாஜினி தும்புத்தடியை எடுத்துக்கொண்டு கதவடிக்கு ஓடினாள். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டிலிருந்து பிரவீணனின் குரல் ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டது. பாதியிலேயே அமர்ந்தது. படாரென்று ஒரு யன்னல் சாத்துப்பட்டது.

வித்தியா ஓடி வந்து தாயின் கையைப் பிடித்தாள்.

"போகாதேங்கோ அம்மா. உங்கடை கோவாவை மாடு தின்னுது எண்டுதான் அவனும் கத்தினவன். இப்ப நீங்கள் போனால், எங்களுக்கு அது விளங்கினது எண்டு தெரிஞ்சிடும்."

சுபாஜினி யோசித்துப் பார்த்தாள். பிள்ளை சொல்வது சரி. தும்புத்தடியை மெல்லச் சுவரோடு சாத்தினாள். இரண்டு வீட்டிலும் எல்லா யன்னலும் பூட்டி, தாயும் பிள்ளையுமாக மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். மாடு அவசரப்படவில்லை. முதல் வரிசையை முடித்துவிட்டு இரண்டாவது வரிசைக்குப் போனது.