சாக்கு போக எழுபது

ஊவா மாகாணத்தில் தன் பிரஷர் ஏறியதற்காக மார்தட்டிக்கொண்ட ஒரே மனிதர் தராசுதான்.

ஹல்துமுல்லைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கொழுந்து நிறுத்து, சாக்கின் எடையைக் கழித்து எழுதியவர்; அதனால்தான் தராசு. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று பதினொரு பேரிடம் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

மாதாந்தக் கிளினிக்கில் நான் பதினான்காவது ஆள், அவர் பதினைந்து. நர்ஸ் மிஸி அவர் கையிலிருந்த பட்டியைக் கழற்றி, "நூத்தி எம்பதுக்கு நூத்திப்பத்து" என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டீங்களா மாஸ்டர்? மொத்தம் நூத்தி எம்பது. சாக்குக்கு நூத்திப்பத்து கழிச்சாலும் எழுபது நிக்குது! ஒங்களுக்கு என்னா?"

"நூத்தம்பதுக்குத் தொண்ணூறு."

"அறுபதா? மழையில்லாத மாசம் போல!"

வரிசையே சிரித்தது. நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கழித்தல் சரியாக இருந்ததுதான் எனக்கு அதிக எரிச்சல்.

அவர் கண்களில் புரை வளர்ந்திருந்தது. ஒப்பரேஷனுக்குப் பதுளைக்குப் போனவரை, பிரஷர் இறங்கினால்தான் கத்தி வைப்போம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒருமுறையல்ல, இருமுறை. இரண்டாம் முறை நானும் கூடப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் பெரகலயைத் தாண்டியதும் என் தோளைத் தொட்டார்.

"கண்ணு போயிருமா மாஸ்டர்?"

"நீங்க கழிக்கிறதே தப்புங்க. இதயம் ரத்தத்தத் தள்ளும்போது குழாய்ல விழுற அழுத்தம் மேல் நம்பர். இளைப்பாறும்போது இருக்கிறது கீழ் நம்பர். ரெண்டுமே எறங்கணும்."

"எனக்கு ஒண்ணும் வலிக்கலியே?"

"அளவுக்கு மேல கொழுந்து அடைச்சா சாக்கு கத்துமா?"

"கத்தாதுங்க. ஒரு நாளைக்குத் தையல் விட்டுரும்." சொன்னவர் திடுக்கிட்டார். "அப்ப... குழாய்தான் சாக்கா?"

"ஆமாங்க."

"அட சண்டாளா! முப்பத்தொரு வருசம் அடைக்காத, அடைக்காதன்னு ஊரயே திட்டுனேனே!"

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் லயத்து வீட்டில் மாத்திரைகளுக்குப் பெரட்டு நடந்தது. தோட்டத்துக் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுப்பதுபோல ஒவ்வொன்றாக அழைத்து, "வந்தியா? போ உள்ள" என்று விழுங்கினார். ஊறுகாயையும் கருவாட்டையும் கழிவு என்று ஒதுக்கினார்.

அவர் மருமகள் அழாக்குறையாக என்னிடம் வந்தாள். "உப்பு போட்டேனான்னு ரொட்டி மாவ நக்கிப் பாக்குறாருங்க மாமா!"

இடையில் ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை அட்டையை நான் எண்ணியதில் பிடிபட்டார், ஏழு மிச்சம்.

"சொகமாத்தானே இருக்கேன்?"

"அதப் போடுறதாலதான்யா சொகமா இருக்கே!" என்று நான் கத்திய கத்தலில் என் பிரஷர்தான் ஏறியிருக்கும்.

நான்காம் மாதம் மிஸி சொன்னார்: "நூத்தி இருபத்தாறுக்கு எழுபத்தெட்டு."

வரிசையிலிருந்த இருபத்து மூன்று பேரும் கைதட்டினார்கள். தராசு எழுந்து நின்று கும்பிட்டார். "கழிக்காம அப்படியே எழுதுங்க மிஸி!"

ஒப்பரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று என்னை உற்றுப் பார்த்தார்.

"என்னா மாஸ்டர், இவ்வளவு கெழவனா நீங்க?"

பிறகு என் சட்டைப்பையிலிருந்த கிளினிக் அட்டையை உருவி, யார் உதவியுமின்றித் தானே படித்தார். "நூத்தி அம்பத்திரெண்டு. ம்ம்."

மறுநாள் காலை ஆறேகாலுக்கு என் கதவைத் தட்டினார். இன்றுவரை ஒருநாள் தவறவில்லை. மாத்திரை போட எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் தம்ளரில் தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டு, அவர் தட்டட்டும் என்று காத்திருக்கிறேன்.