எஸ்தர் ஏலத்துக்கு வந்த கதை

மாமியாரிடம் நல்ல பேர் வாங்குவது கஷ்டம் என்று புலம்புகிறவர்கள், ஒரு தடவை மாமியாரின் கோழியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அப்புறம் வாயே திறக்க மாட்டார்கள்.

எனக்குக் கல்யாணமான முதல் வருடம். திருமங்கலத்தில் வீடு. அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) திண்டுக்கல்லில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது, பெற்ற மகனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எஸ்தரை என் கையில் ஒப்படைத்தார். எஸ்தர், கொல்லையில் வளரும் கோழி. "எம் புள்ளையப் பாத்துக்கத்தா. திங்கக்கிழமை வந்துர்றேன்" என்றார்.

அவர் பஸ் ஏறிய மறுநாளே எஸ்தர் இரண்டு காலையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தூக்கி நிறுத்தினால் பொத்தென்று விழுந்தது. எனக்குக் கைகால் ஆடிவிட்டது. (கோழிக்கு ஆடவில்லை. அதுதான் பிரச்சினையே.)

கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, "கால்ல பலமே இல்லம்மா. மருந்து தாரேன். படுத்தே கெடந்தா புண்ணாயிரும், தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிடுங்க. அப்பப்ப கையால ஊட்டணும்" என்றார். என் கல்யாணத் தாம்பூலப் பையில் இரண்டு ஓட்டை போட்டு, கால்களை வெளியே விட்டு, கொடிக்கயிற்றில் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், கோழிக்கு டவுசர் தச்சுப் போட்டிருக்கீக?" என்றார். அத்தை போனில் கேட்கும்போதெல்லாம், "நல்லாச் சாப்பிடுது அத்தை" என்றேன். அதுவாவது உண்மை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததையும் வளர்த்ததையும் காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். எனக்கு விருந்து பரிமாறும் வேலை. எஸ்தரைத் தனியே விட மனசில்லாமல், பையோடு ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு போனேன். போனவள் அதை எங்கே தொங்கவிட்டேன் தெரியுமா? பூசணிக்காயும் வாழைத்தாரும் குவித்து வைத்திருந்த பந்தல் காலில். (புத்தி வேண்டாமா எனக்கு!)

சாம்பார் வாளியோடு நிற்கிறேன், மைக்கில் ஏலம் விடும் சாமுவேல் அண்ணன் குரல்: "அடுத்து ஒரு நாட்டுக்கோழி! காலு தரையில படாம வளத்த கோழி! பையும் சேத்துத்தான்!"

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். "அண்ணே, அண்ணே!" என்று கையை ஆட்டினேன். கூட்டத்தில் அவருக்குக் கை மட்டும்தான் தெரிந்தது. "வலப்பக்கம் ஒரு அம்மா கேட்டுட்டாங்க!" என்றார். போச்சுடா! இனிமேல் வாயைத் திறந்தால், காணிக்கையைத் திருப்பிக் கேட்டவள் என்ற பேர் வந்துவிடும். ஏலத்திலேயே எடுத்துவிடலாம் என்று நின்றுவிட்டேன்.

இடப்பக்கம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. நான் ஏற்றினேன். அந்தக் கையும் ஏற்றியது. எவளோ அடுப்பில் குழம்புச் சட்டியை வைத்துவிட்டே வந்திருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம். எஸ்தர் குழம்பாகிவிட்டால் நாளைக்கு அத்தை முகத்தில் எப்படி முழிப்பது? ஆட்டுக்குட்டி விலையைத் தாண்டியும் நான் விடவில்லை. "இம்புட்டு விசுவாசமா!" என்று பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் அந்தக் கை இறங்கியது. கோழி எனக்கு. "எதுத்துக் கேட்ட அம்மாவும் எந்திரிங்க, சபை பாக்கட்டும்" என்றார் சாமுவேல் அண்ணன்.

எழுந்தது என் அத்தை. பண்டிகையை விட மனசில்லாமல், ஒரு நாள் முந்தியே பஸ் ஏறி நேராகச் சபைக்கு வந்திருக்கிறார்.

"ஏத்தா, நீயா?"

"ஐயோ அத்தை, நீங்களா?"

"நீ எம் புள்ளையக் காணிக்கை வச்சிட்டேன்னுல்ல நெனச்சேன். எப்பிடியாச்சும் மீட்டுப்புடணும்னு கேட்டேன்."

இரண்டு பேரும் கோழியைக் கட்டிக்கொண்டு அழுதோம். சபை சிரித்தது. பந்தல் நடுவில் நின்று எங்கள் இரண்டு பேரையும் முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். "அம்மாவ உக்காரச் சொல்லவா, ஒன்னைய உக்காரச் சொல்லவா? நீயே சொல்லு" என்றார்.

எஸ்தர் கொஞ்சநாள் டவுசரோடு தொங்கிவிட்டு, பிறகு லேசாக விந்தி விந்தி நடக்க ஆரம்பித்தது. சபையில் இன்றும் ஏலம் தொடங்குமுன், "மாமியாவும் மருமகளும் ஒரே பெஞ்சுல உக்காருங்க" என்று மைக்கில் சொல்கிறார்கள். என்னைப் பற்றி யாராவது குறை சொல்ல வந்தால் அத்தை ஒரே போடாகப் போடுவார்:

"என் கோழிக்காக என்னையவே எதுத்து நின்னவ அவ! நீ ஒம் மாமியா கோழிக்கு ஒரு வாய் தண்ணி வச்சிருப்பியா?"