நன்றியுரையில் வைத்த ஊர்

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கட்டிலுக்கடியிலிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்தது.

ஜெனிட்டா முதலில் குக்கர் என்று நினைத்தாள். குக்கர் கழுவிக் கவிழ்த்தபடி சமையலறையில் கிடந்தது. சைக்கிள் டியூப் என்று நினைத்தாள். வீட்டில் சைக்கிளே கிடையாது. அடுத்து நினைக்க வேண்டியதை நினைக்காமலே, தூளியிலிருந்து பிள்ளையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள்.

நன்னிலத்துக்கு வெளியே, வயலை மேடாக்கிப் போட்ட நகர் அது. அவள் வீடு ஒன்றுதான் வீடு, மற்றதெல்லாம் கல் நட்ட மனை. கணவன் அருள்பிரகாஷ் கத்தாரில். கத்தினால் தவளை மட்டும் பதில் சொல்லும். ஆகவே மாவட்டத் துரித உதவி மையத்துக்குப் போன் போட்டாள். அந்த மையத்துக் கம்ப்யூட்டரில் தகவல்களை அடுக்கியதே ஒப்பந்த ஊழியரான அவள்தான். அதனாலேயே அவளுக்குப் பயம் இரட்டிப்பாக இருந்தது.

காரணம், பொங்கல் கழிந்து நடந்த ஒரு கூட்டம். யாருக்கு என்ன உதவி வேண்டுமானாலும் உரிய ஆளைக் கம்ப்யூட்டர் நொடியில் தேடித் தர வேண்டும், அதற்கு இன்டெக்ஸ் என்ற தேடல் அட்டவணை வேண்டும் என்று கூட்டியிருந்தார்கள்.

"சார், கூப்பிடுறவங்க ஊரைச் சொல்வாங்க, என்ன உதவின்னு சொல்வாங்க. அதனால முதல்ல ஊர், அதுக்குள்ள தொழில், கடைசியா தேதி. வாக்காளர் பட்டியல் மாதிரிதான் சார். ஊருக்குள்ள தெரு, தெருவுக்குள்ள வீடு. ஊரைச் சொல்லாம தெருவை மட்டும் சொன்னா முழுசையும் புரட்டணும்" என்றாள் ஜெனிட்டா.

துணை இயக்குநர் இராஜராஜன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஒரு கொள்கை பிறக்கப்போகிறது என்று பொருள்.

"பதவி எங்கம்மா?"

"தேடுறதுக்குப் பதவி தேவைப்படாது சார்."

"தேவைப்படாதா? மந்திரி பேரு நாலாவதா வந்த அழைப்பிதழை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

அவள் பார்த்ததில்லை. ஆகவே, இன்டெக்ஸ் என்பதும் ஓர் அழைப்பிதழே என்று கூட்டம் ஏகமனதாகத் தீர்மானித்தது. பதவி தலைமை வகிக்கும். துறை முன்னிலை வகிக்கும். தொழில் சிறப்புரை ஆற்றும்.

"ஊர் சார்?"

"நன்றியுரை. நன்றி சொல்ல வேண்டியது பொதுமக்கள்தானம்மா?"

நன்றியுரை நேரத்தில் மண்டபத்தில் யார் இருப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்பதைக் கான்வென்ட் சிஸ்டர்கள் இங்கிலீஷைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "எஸ் சார்" என்றாள்.

உடனே வேளாண்மை உதவி இயக்குநர் துரைக்கண்ணு எழுந்தார். "முன்னிலையில எங்க துறை எத்தனாவது?" மற்ற துறைகளும் எழுந்தன. சமாதானத்துக்காக, ஒவ்வொரு துறைக்கும் தன்னைத்தானே முதலில் வைத்துக்கொண்ட தனி இன்டெக்ஸ் வழங்கி உத்தரவாயிற்று. அன்றுமுதல் ஒரே ஒரு போன் நம்பரைத் திருத்தினாலும், அத்தனை இன்டெக்ஸிலும் போய்த் திருத்திவிட்டு வருவதற்குள் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. ஊரை முதலில் வைத்த இன்டெக்ஸ் மட்டும் இல்லை. எந்த ஊரும் எழுந்து நின்று கேட்கவில்லை.

"வணக்கம், துரித உதவி மையம். தங்கள் பொறுமைக்கு நன்றி." பேசியது மையத்து இளஞ்செழியன்.

"இளஞ்செழியன், நான் ஜெனிட்டா. வீட்டுக்குள்ள... பூச்சி."

விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவளானாலும் ஜெனிட்டாவும் அந்த ஊர்க்காரிதான்.

"எந்தப் பயிர்ல மேடம்?"

"பயிர்ல இல்லங்க, கட்டிலுக்கடியில."

"புகையானா, குருத்துப்பூச்சியா?"

"அது இல்லங்க! நீளமான பூச்சி."

"அப்ப புழுன்னு போடட்டுமா?"

"ஐயோ, பாம்புங்க!"

"மெதுவா மேடம், விளக்கு வச்சாச்சு" என்றார் அவர், நடுங்கிப்போய். அதற்குள் புகார் வேளாண்மைத் துறைக்குப் போய்விட்டிருந்தது.

"இங்க நன்னிலத்துலயே ஃபஹத்னு ஒருத்தர் இருக்கார், பாம்பு பிடிப்பார். நம்பரை நான்தான் ஏத்தினேன். தேடிப் பாருங்க."

"பதவி?"

"பதவியெல்லாம் கிடையாது. பிடிப்பார், அவ்வளவுதான்."

"பதவி சொல்லலன்னா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாததா மேடம்?"

தெரியும். கம்ப்யூட்டர் இப்போது மாவட்டத்தின் உச்சாணிப் பதவியில் ஆரம்பித்து, 'ஐயா, தாங்கள் பாம்பு பிடிப்பீர்களா?' என்று ஒவ்வொருவரிடமும் பணிவோடு விசாரித்தபடி படியிறங்கிக்கொண்டிருக்கும். பதவியே இல்லாத ஃபஹத் எல்லோருக்கும் அடியில் கிடப்பார்.

"ஸ்கிரீன்ல இன்னும் வட்டம் சுத்துது மேடம்."

வீட்டுக்குள் மறுபடியும் 'புஸ்' என்றது. தோளில் பிள்ளை சிணுங்கியது. பாலும் உள்ளே, போர்வையும் உள்ளே. பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

ஃபஹத் ஒருவழியாகக் கிடைத்தபோது லைனில் இராஜராஜனே வந்தார்.

"பயப்படாதீங்கம்மா, நானே நேர்ல வரேன். பதவிக் கட்டம் காலியா இருக்கிற ஆளை எப்படி அனுப்புறது? அதனால அவருக்கு 'மாவட்ட ஊர்வன ஒருங்கிணைப்பாளர்'னு கௌரவப் பதவி குடுத்துட்டேன். அடுத்த தடவை டக்குனு கிடைப்பார்ல?"

கணக்குப்படி அது சரிதான். அதுதான் ஜெனிட்டாவுக்கு அழுகையை வரவழைத்தது. "எஸ் சார்" என்றாள்.

புதிய பதவி எல்லா இன்டெக்ஸிலும் ஏறி முடிந்த பிறகு ஜீப் வந்தது. முன்சீட்டிலிருந்து இராஜராஜன் இறங்கினார். பின்னாலிருந்து துரைக்கண்ணு, முதுகில் மருந்தடிக்கும் ஸ்பிரேயரோடு இறங்கினார். கடைசியில் ஃபஹத். எப்போதும் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெறுங்கையால் பிடிக்கிறவர், இன்றைக்குப் பேன்ட் போட்டுச் சட்டையை உள்ளே விட்டிருந்தார்.

"ஃபஹத் பாய், கட்டிலுக்கடியில இருக்கு, சீக்கிரம்."

"மேடம், நான் இப்ப ஒருங்கிணைப்பாளர். பிடிக்கிறது களப்பணியாளர் வேலை. அந்தப் பணியிடம் காலியா இருக்கு."

"அப்ப யாரு உள்ள போறது?"

"தலைமைதான் முதல்ல" என்றார் துரைக்கண்ணு.

"முன்னிலை போகட்டும். பூச்சின்னுதானே பதிவாயிருக்கு" என்றார் இராஜராஜன்.

"இந்த நீளத்துப் பூச்சி எங்க வரம்புக்குள்ள வராது சார்."

மூவரும் சற்று யோசித்துவிட்டு, ஒரே நேரத்தில் நன்றியுரையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக அதுவே வாசலுக்கு வந்து படமெடுத்தது.

வரிசையை யாரும் பார்க்கவில்லை. முதலில் வீட்டுக்குள் பாய்ந்தவர் ஊர்வன ஒருங்கிணைப்பாளர். நேற்றுவரை இல்லாத உயிராசை பதவியோடு வந்திருந்தது. துரைக்கண்ணு ஸ்பிரேயரோடு கதவு நிலையில் சிக்கிக்கொள்ள, இராஜராஜன் பின்னாலிருந்து தள்ள, இருவரும் சேர்ந்தே உள்ளே விழுந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தது.

பாம்பு யாரையும் விசாரிக்கவில்லை. உறைந்து நின்ற ஜெனிட்டாவை விட்டு விலகி, நேராக வாய்க்காலுக்குப் போயிற்று. போக வேண்டிய ஊரை அது முதலிலேயே வைத்திருந்தது.

அவள் கதவைத் தட்டினாள். "சார், போயிடுச்சு. திறங்க. பிள்ளைக்குக் குளிருது."

"யாரது?" உள்ளிருந்து இராஜராஜனின் குரல் கேட்டது.

"ஜெனிட்டா சார். நன்னிலம். என் வீடு சார் இது."

"ஊரெல்லாம் அப்புறம்மா. பதவியைச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். ஒப்பந்தம் போன மாதமே முடிந்திருந்தது. புதுப்பித்த உத்தரவு இன்னும் ஏதோ ஓர் இன்டெக்ஸில் ஏறிக்கொண்டிருந்தது.

"இந்தப் பிள்ளைக்கு அம்மா, சார்."

உள்ளே மூவரும் கலந்து பேசுவது கேட்டது. அப்படியொரு பதவி இருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்த்தார்கள் போலிருக்கிறது.

பிறகு மேல் தாழ்ப்பாளையும் போட்டார்கள்.