ஆதார் மாமாவும் பேர் வெட்டிய பாத்திரங்களும்

கடை விரித்து உட்கார்ந்துகொண்டு, வாங்க வருகிறவரிடம் ஆதார் கார்டு கேட்கும் வியாபாரி இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் சிதம்பரத்துக்காரர். வங்கியில் கேட்கிறார்கள், சிம் கார்டு விற்கிறவர் கேட்கிறார், சரி. ஒரு பழைய பித்தளைச் சொம்பு வாங்க எதற்கய்யா ஆதார்? கடலூர் மாவட்டத்தில் பாதிப் பேராவது அவரிடம் இதைக் கேட்டுச் சண்டை போட்டிருப்பார்கள். அவருக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று நிச்சயம் இருக்கும். எங்களுக்கு அவர் ஆதார் மாமா.

நான் கணக்கு டீச்சர். தீப்பெட்டிப் படங்கள் சேர்க்கிறவள். என் வீட்டுக்காரர் இதைப் பொழுதுபோக்கு என்று சொல்வதில்லை, வியாதி என்பார். இந்த வியாதி உள்ளவர்கள் எல்லாம் வருஷத்துக்கு இரண்டு தடவை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துப் பழம்பொருள் சந்தை போடுவோம். கோலி சோடா மெஷின், ரயில் கார்டு ஆட்டிய விளக்கு, யாரோ ஒரு பல் டாக்டர் விட்டுப்போன பல்செட், பிரேம் போட்ட யாருடைய தாத்தாவோ, எல்லாம் அங்கே விற்பனைக்கு வரும். அந்தத் தாத்தாவைக்கூட ஒருவர் பேரம் பேசி வாங்கிக்கொண்டு போனார். ஹாலில் மாட்டப் போகிறாராம்.

முதல் சந்தையில் எனக்குப் பக்கத்துக் கடை ஆதார் மாமாவுடையது. பித்தளைக் குடம், செம்புத் தவலை, எவர்சில்வர் டம்ளர் என்று மலையாகக் குவித்திருந்தார். எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருந்தது. நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் அடுத்த வேலை பேர் வெட்டுவதுதானே. பித்தளையில் 'காமாட்சி' என்று வெட்டிய ஒரு சின்னச் சொம்பு எனக்குப் பிடித்துப்போயிற்று.

"மாமா, இது என்ன விலை?"

"உங்க பேரு என்னாங்க?"

"பொற்கொடி."

"இதுல காமாட்சின்னு இருக்குதேம்மா."

"இருக்கட்டும் மாமா. பூ போட்டு வைக்கத்தான் கேக்கறேன்."

"நீங்க பூ போட்டு வெச்சிருவீங்க. நாளைக்கே அந்தக் காமாட்சி வந்து நின்னா நான் இன்னா பதில் சொல்றது?"

வகுப்பில் எத்தனையோ விதண்டாவாதங்களைச் சமாளித்தவள் நான். அன்று சொம்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பொழுது பூராவும் பக்கத்திலிருந்து பார்த்தேன். பேர் பொருந்த வேண்டும். ஆதாரைக் காட்ட வேண்டும். பேர் பொருந்தினாலும் இனிஷியல் பொருந்த வேண்டும். 'இது ரெங்கநாயகி வீட்டு டம்ளர், காபி குடித்ததும் திருப்பித் தரவும்' என்று வெட்டிய ஒரு டம்ளர் இருந்தது. அதைத் தொடக்கூட விடமாட்டார். "எழுதியே வெச்சிருக்காங்க பாருங்க" என்று கோர்ட் உத்தரவைக் காட்டுகிற மாதிரி காட்டுவார்.

அவருக்கு ஒரு பில் புக்கும் உண்டு. முதல் பக்கம்கூடக் கிழிபடாமல் பழுப்பேறி, அதுவே ஒரு பழம்பொருளாகிவிட்டது.

மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சந்தைக்கும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு இரண்டு சாக்கு நிறையப் பாத்திரங்களோடு பஸ்ஸில் வருவார். வேகத்தடை வரும்போதெல்லாம் பஸ் ஒரு முறை குதிக்கும், சாக்குகள் இரண்டு முறை அலறும். ஒரு தடவை நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் கண்டக்டருக்குத் தலைவலி வந்துவிட்டது.

"பெருசு, சாக்குல இன்னாதான் வெச்சிருக்க?"

"நாப்பது பொம்பளைங்க, பதினோரு ஆம்பளைங்க" என்றார் மாமா, ரொம்பச் சாதாரணமாக.

கண்டக்டர் அப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பது அவர் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. கூடம், சமையல்கட்டு, கட்டிலுக்கு அடியில் என்று எங்கே பார்த்தாலும் பாத்திரம். மாமாவின் மனைவி, எங்களுக்கு அத்தை, எனக்குப் பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். வூட்ல இருக்கற சொம்பு எல்லாம் மத்தவங்களுது. எடுத்தா இவரு கத்துவாரு."

பிறகு அத்தையே சொன்னாள். பரண் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மாமா ஒருநாள் பழைய பாத்திரங்களை மூட்டை கட்டி காயலான் கடையில் போட்டுவிட்டார். அதில் அத்தையின் கல்யாணத் தவலையும் போய்விட்டது. 'தனலட்சுமி' என்று அவளுடைய அப்பா நின்று வெட்டவைத்தது. அத்தை சண்டை போடவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வரும், பேச்சு வராது. பத்து நாள் பொறுத்துப் பார்த்த மாமா, தவலையைத் தேடிக் கிளம்பினார். சிதம்பரம், புவனகிரி, நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று காயலான் கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினார். தவலை கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கடையிலும் உருக்கப் போவதற்காக அடுக்கியிருந்த பாத்திரங்களில் பேர்களைப் படித்துவிட்டார். படித்த பிறகு விட்டுவிட்டு வர முடியவில்லை.

"இதுங்களுக்கும் எங்கயாவது ஒரு புருஷன் பேச்சில்லாம கெடப்பான்ல, டீச்சர்?" என்றார்.

"ஊர்ல இருக்கறவங்க பேரு பூரா எங்க வூட்ல இருக்குது. எம்பேரு மட்டுந்தான் இல்ல" என்றாள் அத்தை, சிரிக்காமல்.

போன சந்தையில்தான் அந்த வில்லங்கம் வந்தது. புதுச்சேரியில் ஓட்டல் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் கூலிங்கிளாஸோடு வந்தார். வரவேற்பறையில் அடுக்க அவருக்குப் பழைய பாத்திரங்கள் வேண்டும்.

"மொத்தமா எடுத்துக்கறேன். வண்டி வெளியில நிக்குது."

"மொத்தமாவா?" மாமா எழுந்தே நின்றுவிட்டார். "ராஜாம்பாள் உங்களுக்கு யாரு?"

"எந்த ராஜாம்பாள்?"

"இந்த அண்டா. சரி, குப்பம்மாள்? முனியம்மா? யாரையுமே தெரியாதுங்கறீங்க, மொத்தப் பேரையும் வண்டியில ஏத்தணுங்கறீங்க. என்னாங்க நியாயம் இது?"

கூலிங்கிளாஸ் நேராகப் போய் எங்கள் சங்கச் செயலாளரிடம் கத்தினார். செயலாளர் பழைய கேமராக்கள் விற்கிறவர், நல்ல மனிதர், ஆனால் அன்று அவரும் கொதித்துவிட்டார்.

"மாமா, இது சந்தையா, காணாமப் போன பொருள் ஆபீஸா? இத்தனை தடவை கடை போட்டு ஒரு ஸ்பூன்கூட விக்கல. எடம் கேட்டு எத்தனையோ பேர் காத்திருக்காங்க. இன்னிக்கு மண்டபம் பூட்டறதுக்குள்ள ஒரு சாமானாவது வித்துக் காட்டுங்க. இல்லன்னா அடுத்த தடவை உங்களுக்குக் கடை கெடையாது."

மாமா துண்டால் ஒரு குடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த குடம்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பள்ளியில் ஜோதி என்று ஒரு சயின்ஸ் டீச்சர். வீடு திருப்பாதிரிப்புலியூர். போன் போட்டு வரவழைத்தேன். மாமாவிடம் 'ஜோதி' என்று ஒரு தூக்குவாளி இருந்தது எனக்குத் தெரியும். வாசலிலேயே அவளுக்குப் பாடம் நடத்தினேன்: வாளி உன்னுடையது, தொலைந்துபோய்விட்டது, பார்த்ததும் கண் கலங்க வேண்டும்.

ஜோதி வந்தாள், கண் கலங்கினாள், ஆதாரையும் நீட்டினாள். மாமா பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"பேரு சரி. இனிஷியல் இதுல வெட்டல, போவட்டும். இது எப்பம்மா வாங்குனது?"

"எங்க அம்மா... என் கல்யாணத்துக்கு..."

"பின்பக்கம் இன்னா வெட்டியிருக்குதுன்னு சொல்லு பாப்போம்?"

ஜோதி என்னைப் பார்த்தாள். நான் தீப்பெட்டிகளைப் பார்த்தேன். மாமா வாளியைத் திருப்பிக் காட்டினார். 'ஜோதி சலூன், முதலாம் ஆண்டு நிறைவு விழா.'

"டீச்சர்" என்றார் என்னிடம், கோபமில்லாமல். "எனக்காகப் பண்றீங்க, தெரியுது. அதுக்காகச் சலூன்காரர் வாளியத் தூக்கிக் குடுக்க முடியுமா?"

மதியம் ஆயிற்று. பக்கத்து மண்டபத்தில் அன்று நிஜமாகவே ஒரு கல்யாணம். அதனால் காலையிலிருந்தே பட்டுப்புடவைக்காரிகள் வழி தவறி எங்கள் பக்கம் நுழைவதும், மாமா கடையைப் பார்த்து "சீர் பலமா இருக்கே" என்று வியப்பதும், பல்செட்டைப் பார்த்து ஓடுவதுமாக இருந்தார்கள். அப்படித்தான் அந்த அம்மாளும் வந்தாள். ஐம்பது வயசு இருக்கும். கையில் பரிசு வைத்த பை.

"பொண்ணு மாப்பிள மேட எங்கங்க?"

"பக்கத்து மண்டபம்மா" என்றேன்.

திரும்பினவள் நின்றுவிட்டாள். மாமா காலையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்த குடத்தையே பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து விரலால் எழுத்தைத் தடவினாள். 'வே. அஞ்சலை, மேல்பட்டாம்பாக்கம்.'

"இது என்னுது" என்றாள்.

மாமா துண்டை நழுவவிட்டார். ஆனால் வாய் வழக்கப்படிதான் பேசியது. "ஆதார் கார்டு இருக்குதாம்மா?"

"கல்யாணத்துக்கு எவனாவது ஆதார் எடுத்துட்டு வருவானா? இந்தா, இதுல பாரு." பையிலிருந்து புது எவர்சில்வர் தூக்கை எடுத்து நீட்டினாள். மணமக்களுக்கு அன்பளிப்பு என்று வெட்டி, கீழே 'கு. அஞ்சலை'.

"இனிஷியல் மாறுதேம்மா."

"கட்டிக் குடுத்தா மாறாதா? வேலு எங்க அப்பா. குமாரு எங்க வூட்டுக்காரரு. செம்மங்குப்பத்துல கேண்டீன்ல வேல செய்யறேன், வந்து விசாரிச்சுக்க. அவருக்கு ஒடம்பு முடியாதப்ப இதைக் காயலான் கடையில போட்டேன். போட்டுட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அழுதுட்டே வந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பேரை நல்லாப் பாரு. பேர் வெட்டுனவன் நடுவுல 'ச' எழுத்த வுட்டுட்டான். எங்க அம்மா கடையிலயே குந்திக்கினு, எம்பொண்ணு பேரு முழுசா வராம எழுந்திரிக்க மாட்டேன்னு சண்ட போட்டுச்சு. அப்புறந்தான் மேல குட்டியா ஒரு 'ச' வெட்டிக் குடுத்தான்."

மாமா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கவில்லை. அவருக்குத்தான் அந்த எழுத்து மனப்பாடமாயிற்றே. என்னிடம் நீட்டினார். 'அஞ்' என்பதற்கும் 'லை' என்பதற்கும் இடையில், வரிக்கு மேலே, கடுகு மாதிரி ஒரு 'ச' உட்கார்ந்திருந்தது.

"எடுத்துக்கம்மா" என்றார்.

"ஓசியிலயா? எம்பேர நான் ஓசியில வாங்க மாட்டேன். வெல சொல்லு."

இங்கேதான் மாமா திகைத்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்ததில்லை. எதற்கும் அவர் விலையே வைத்திருக்கவில்லை.

"டீச்சர், நீங்களே ஒரு வெல சொல்லுங்க."

"காயலான் கடையில நீங்க குடுத்தது எவ்வளவோ அதையே வாங்கிக்குங்க" என்றேன். அஞ்சலை முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தைக் கொடுத்தாள். மாமா பில் புக்கைத் திறந்து முதல் பில்லை எழுதினார். ஒரு பில் எழுத அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. அஞ்சலை பட்டுப்புடவையோடு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாள். நான் செயலாளரைக் கூப்பிட்டுப் பில்லின் நகலைக் காட்டினேன். அவர் அதைத் தன் கேமரா ஒன்றில் போட்டோவே எடுத்துக்கொண்டார்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்துப் பக்கத்து மண்டப மைக் எங்கள் சுவரைத் தாண்டிக் கேட்டது.

"மேல்பட்டாம்பாக்கம் அஞ்சலை அவர்கள் மணமக்களுக்கு அன்பாக அளிப்பது, பித்தளைக் குடம் ஒன்று!"

"டீச்சர், போச்சு!" என்று மாமா எகிறினார். செருப்பை விட்டுவிட்டு, பில் புக்கோடு ஓடினார். பின்னால் நான், என் பின்னால் செயலாளர்.

நடந்தது இதுதான். சந்தனம் எடுத்துக்கொள்வதற்காக அஞ்சலை குடத்தைக் கீழே வைத்திருக்கிறாள். பெண்ணின் தாய்மாமன் சுறுசுறுப்பான ஆசாமி. அதைத் தூக்கிச் சீர் வரிசையில் வைத்து, பேரைப் படித்து, மைக்கிலும் சொல்லிவிட்டார். அத்தனை பேருக்கு நடுவில் திருப்பிக் கேட்க வாய் வராமல் அஞ்சலை சிலையாக நின்றாள்.

மாமா நேராக மைக்கைப் பிடுங்கினார். சாமான் வாங்க வந்தவரையே ஓட்டி விடுகிறவர் கல்யாண வீட்டில் என்ன செய்யப் போகிறாரோ என்று நான் அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். பொண்ணு மாப்பிள நல்லாருக்கணும். இந்தக் குடம் சீர் இல்லீங்க. இது இந்த அம்மாவுக்கு அவுங்க அம்மா வாங்கிக் குடுத்தது. தொலைஞ்சு போயி இப்பத்தான் கெடச்சுது. பில்லு இருக்குது." பில் புக்கைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "இதை மட்டும் குடுத்துருங்க."

மேடையிலிருந்த பெண், மாலையோடு இறங்கி வந்து, தானே குடத்தைத் தூக்கி அஞ்சலையின் கையில் கொடுத்தாள். தாய்மாமன் எங்கள் மூவரையும் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார். மாமா இரண்டு தடவை பாயசம் வாங்கிக்கொண்டார். செயலாளர் மூன்று தடவை.

மறுநாள் விஷயத்தைச் சொல்ல அத்தையிடம் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு, புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அந்தப் பொம்பள ரொம்ப சந்தோஷப்பட்டுச்சா, டீச்சர்?"

"ரொம்ப, அத்தை."

அத்தை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "இன்னாங்க, வெயில் ஏறதுக்குள்ள கெளம்புங்க. விருத்தாசலம் பக்கம் காயலான் கடைங்க இன்னும் பாக்கல இல்ல? சாப்பாடு கட்டித் தரேன்."

சமையல்கட்டிலிருந்து வந்த மாமா, கணக்கில் முதல் தடவை நூறு வாங்கிய மாணவனைப் போல முழித்தார்.

அடுத்த சந்தைக்கு எனக்கு வாசலை ஒட்டி நல்ல இடமாக ஒதுக்கித் தருவதாகச் செயலாளர் சொல்கிறார். அங்கே கூட்டம் ஜாஸ்தி, தீப்பெட்டிப் படங்கள் நிமிஷத்தில் போய்விடுமாம். போகட்டும். எனக்கு மாமா பக்கத்திலேயே ஒரு மேஜை போட்டுக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.